மென்படலச் சோலார் பேனல்கள் வெளியில் படும் பாடு

சோலார் பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் அதன் திறன் இத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். தொழிற்சாலையில், கண் இமைக்கும் நேரம்கூட நீடிக்காத ஒரு விளக்கின் பளிச்சொளியில் அளந்த எண் அது. அளக்கும்போது மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒளியின் அளவு சதுர மீட்டருக்கு 1000 வாட். மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். ஒளியின் நிறக்கலவை, சூரியன் உச்சியிலிருந்து சுமார் 48 டிகிரி சாய்ந்திருக்கும்போது தெளிந்த வானத்திலிருந்து தரைக்கு வரும் கலவை. உலகம் முழுவதும் பேனல்களை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும் என்பதால் வைத்த நிபந்தனைகள் இவை. அந்த வகையில் அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு மொட்டைமாடியில் கூடி வருவது மிக அரிது. அவ்வளவு வெயில் அடிக்கும் நேரத்தில் பேனல் 25 டிகிரியில் இருக்க வேண்டுமானால் அது குளிர்ந்த மலைப்பகுதியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பலத்த காற்று வீச வேண்டும்.

எல்லாப் பேனல்களும் வெளியில் வந்ததும் இந்த எண்ணிலிருந்து விலகத்தான் செய்யும். எந்தப் பக்கம், எவ்வளவு விலகும் என்பதில்தான் மென்படல வகைகள் சாதாரணச் சிலிக்கான் பேனல்களிலிருந்து மாறுபடுகின்றன. சிலிக்கான் பேனலில் இருப்பது படிகக் கட்டியிலிருந்து அறுத்தெடுத்த வில்லைகள். ஒரு வில்லையின் தடிமன் 100 மைக்ரானுக்கு மேல் இருக்கும். மென்படலப் பேனலில் அறுப்பு வேலையே கிடையாது. கண்ணாடியின் மேலோ உலோகத் தகட்டின் மேலோ ஆவியாகப் படியவைத்த மெல்லிய பூச்சுதான் மின்கலம். காட்மியம் டெல்லுரைடு என்றால் இரண்டு முதல் நான்கு மைக்ரான். தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் நான்கும் சேர்ந்த சிஐஜிஎஸ் என்றால் சுமார் இரண்டு மைக்ரான். படிகமாகாத சிலிக்கான் என்றால் அரை மைக்ரானுக்கும் குறைவு. இந்தப் பொருள்கள் ஒளியைச் சிலிக்கானைவிடப் பல மடங்கு வலுவாக உறிஞ்சுவதால் இவ்வளவு மெல்லிய பூச்சே போதுமானதாகிறது.

உலகச் சோலார் சந்தையில் மென்படலத்தின் பங்கு இன்று சில சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி காட்மியம் டெல்லுரைடு. கலிபோர்னியாவின் டோபாஸ், டெசர்ட் சன்லைட் என்ற இரண்டு 550 மெகாவாட் பண்ணைகளிலும் இருப்பது அதுதான். 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் திறந்த 3.3 ஜிகாவாட் ஆலையில் செய்வதும் அதே வகைப் பேனல்தான்.

வெளியில் வந்ததும் முதலில் தாக்குவது வெப்பம். பேனலின் சூடும் காற்றின் சூடும் ஒன்றல்ல. விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. பிரதிபலித்துப் போகும் சிறு பகுதி நீங்கலாக, மிச்சமெல்லாம் பேனலைச் சூடாக்குகிறது. பொறியாளர்கள் இதற்கு ஒரு கை கணக்கு வைத்திருக்கிறார்கள். காற்று 20 டிகிரி, ஒளி சதுர மீட்டருக்கு 800 வாட், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று என்ற நிலையில் பேனல் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து வைப்பார்கள். பெரும்பாலான பேனல்களுக்கு அது 45 டிகிரியை ஒட்டி வரும். அதாவது 800 வாட் ஒளிக்குக் காற்றைவிட 25 டிகிரி கூடுதல். 1000 வாட் ஒளிக்கு 31 டிகிரி கூடுதல். மே மாத நண்பகலில் சென்னையில் நிழலில் 38 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் பேனலின் சூடு 69 டிகிரி. அளவுகோல் நிபந்தனையைவிட 44 டிகிரி அதிகம்.

இந்த 44 டிகிரியின் விலை என்ன என்பதைப் பேனலின் வெப்பநிலைக் குணகம் சொல்லும். ஒரு டிகிரி கூடினால் திறன் எத்தனை சதவீதம் குறையும் என்ற எண் அது. பழைய சிலிக்கான் பேனல்களில் சுமார் 0.45. படிகமாகாத சிலிக்கானில் சுமார் 0.2. இன்றைய காட்மியம் டெல்லுரைடில் 0.32. ஆக 1000 வாட் என்று எழுதிய பழைய சிலிக்கான் பேனல் தொகுதி அந்த நண்பகலில் தருவது 800 வாட். காட்மியம் டெல்லுரைடு 860. படிகமாகாத சிலிக்கான் 910.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பொருளின் ஆற்றல் இடைவெளி. ஒளித்துகள் ஒன்று எலெக்ட்ரானை அதன் கட்டிலிருந்து விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் அது. சிலிக்கானுக்கு 1.12 எலெக்ட்ரான் வோல்ட், காட்மியம் டெல்லுரைடுக்கு 1.45 முதல் 1.5 வரை, படிகமாகாத சிலிக்கானுக்கு 1.7க்கு மேல். வெறும் வெப்பமும் சில எலெக்ட்ரான்களை விடுவிக்கும். அவை பயன் தருவதில்லை, மின்கலத்துக்குள்ளேயே கசிந்து மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன. இடைவெளி பெரிதாக இருந்தால் வெப்பத்தால் அதைத் தாண்டும் எலெக்ட்ரான்கள் குறைவு, கசிவும் குறைவு. சூடு ஏறும்போது மின்னோட்டம் மிகச் சிறிதளவு கூடவும் செய்கிறது. ஆனால் மின்னழுத்தத்தில் விழும் அடியை அது ஈடுகட்டாது.

வெப்பமான ஊருக்கு மென்படலம்தான் ஏற்றது என்று விற்பனையாளர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அது முழுக்க நியாயமான பேச்சு. இப்போது பாதிதான் நியாயம். புதிய தலைமுறைச் சிலிக்கான் பேனல்களில் இந்தக் குணகம் 0.3க்கு இறங்கிவிட்டது. படிகச் சிலிக்கானின் இரு பக்கமும் படிகமாகாத சிலிக்கான் பூசிய கலப்பு வகையில் அது 0.25 அளவுக்கு வந்துவிட்டது. காட்மியம் டெல்லுரைடு தயாரிப்பாளர்களோ அதிக ஒளியைப் பிடிப்பதற்காகச் செலினியத்தைக் கலந்து ஆற்றல் இடைவெளியைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள். வெப்பக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டும் இன்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. வெப்பத்தைப் பொறுத்தவரை எந்தப் பேனல் என்பதைவிட எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதே சில நேரம் முக்கியமாகிவிடுகிறது. வளையும் மென்படலத் தாள்களை நேரடியாகத் தகரக் கூரையின் மேல் ஒட்டினால் பின்பக்கம் காற்றோட்டமே இருக்காது. குணகத்தில் கிடைத்த ஆதாயத்தை அந்தக் கூடுதல் சூடு சாப்பிட்டுவிடும். கால் ஊன்றி, தரைக்கு மேலே, காற்று புகுந்து போகும்படி நிறுத்திய பேனல் பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்.

மென்படலத்துக்கு இன்னும் கைவிட்டுப் போகாத ஆதாயம் ஒளியின் நிறத்தில் இருக்கிறது. சூரிய ஒளி என்பது புற ஊதாவிலிருந்து அகச்சிவப்புவரை பல அலைநீளங்களின் கலவை. ஒவ்வொரு மின்கலமும் அதில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. சிலிக்கான் சுமார் 1100 நானோமீட்டர்வரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும் கணிசமான பங்கைப் பிடிக்கிறது. காட்மியம் டெல்லுரைடு 850 நானோமீட்டரிலும், செலினியம் கலந்தால் 900ஐ ஒட்டியும் நின்றுவிடுகிறது. படிகமாகாத சிலிக்கான் 750ஐ ஒட்டி நிற்கிறது. இதன்படி பார்த்தால் மென்படலத்துக்கு நட்டம்தான். அகச்சிவப்பில் ஒரு பெரும்பகுதியை அது கோட்டைவிடுகிறது. ஆனால் அந்த நட்டம் அளவுகோல் எண்ணிலேயே கழிக்கப்பட்டுவிட்டது. வெளியில் கேள்வி வேறு: தரைக்கு வரும் ஒளியின் கலவை மாறும்போது யார் எவ்வளவு இழக்கிறார்கள்?

இங்கேதான் காற்றிலுள்ள நீராவி நுழைகிறது. நீராவி மூலக்கூறுகள் 940 நானோமீட்டரிலும் 1130 நானோமீட்டரிலும் அதற்கு மேலும் பட்டைபட்டையாக அகச்சிவப்பை விழுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறத்தாழ தொடுவதில்லை. 940 பட்டை சிலிக்கானின் எல்லைக்குள் இருக்கிறது, காட்மியம் டெல்லுரைடின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எனவே காற்றில் ஈரம் கூடினால் சிலிக்கான் தன் சாப்பாட்டில் ஒரு பகுதியை இழக்கிறது. காட்மியம் டெல்லுரைடுக்கோ தான் தொடாத பகுதிதான் குறைகிறது. மொத்த ஒளியை அளக்கும் கருவி காட்டும் ஒவ்வொரு வாட்டுக்கும் அது கூடுதலாக மின்சாரம் தருவதுபோல் தெரியும்.

காற்றுமண்டலத்தில் ஓர் இடத்துக்கு நேர்மேலே உள்ள நீராவி அத்தனையும் நீராகக் குளிர்ந்து விழுந்தால் எத்தனை சென்டிமீட்டர் உயரம் நிற்கும் என்று கணக்கிடுவது வானிலையாளர் வழக்கம். அளவுகோல் நிறமாலையில் இது 1.42 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். வறண்ட பாலைவனத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போகும். வங்கக் கடலோரத்தில் பருவமழைக் காலத்தில் நான்கு, ஐந்து என்று ஏறும். பாலைவனத்தில் காட்மியம் டெல்லுரைடு தன் அளவுகோல் எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவும், ஈரம் மிகுந்த வெப்பமண்டலக் கரையில் சற்று அதிகமாகவும் தருவதற்குக் காரணம் இதுதான். ஈரக் காற்றில் இந்த நிற ஆதாயம் சில சதவீதம் வரும். பெரிய பண்ணை ஒன்றுக்கு நீண்டகாலக் கடன் வாங்குகிறவர்களுக்குச் சில சதவீதம் சின்ன விஷயமல்ல. அதனால் இந்தப் பேனல்களுக்கான உற்பத்திக் கணிப்பில் வெயிலையும் வெப்பத்தையும் போலவே காற்றின் நீராவியையும் ஓர் உள்ளீடாகச் சேர்க்கிறார்கள்.

நிறத்தை மாற்றுவது நீராவி மட்டுமல்ல. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிவிடுவதால் வந்து சேர்வது சிவப்பு மிகுந்த ஒளி. அது மென்படலத்துக்குப் பாதகம். மேகமூட்டத்தில் நிலைமை தலைகீழ். மேகத்திலுள்ள நீர் அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் கீழே வரும் மங்கல் ஒளியில் நீலத்தின் பங்கு கூடுதல். அது மென்படலத்துக்குச் சாதகம். சூரியன் ஆண்டில் இருமுறை உச்சிக்கே வரும் தமிழ்நாடு, இலங்கை போன்ற இடங்களில் நண்பகல் ஒளி அளவுகோல் ஒளியைவிடக் கொஞ்சம் நீலம் கூடியது. ஐரோப்பிய குளிர்காலத்தில் நாள் முழுவதும் சூரியன் தாழ்வாகவே ஊர்ந்து போகும். அங்கே இந்தக் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். கையடக்கக் கால்குலேட்டரின் நெற்றியில் உள்ள கருஞ்சிவப்புப் பட்டை படிகமாகாத சிலிக்கானாக இருப்பதும் இதே காரணத்தால்தான். குழல்விளக்கின் ஒளியில் அகச்சிவப்பு ஏறக்குறைய கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வல்லதான மின்கலம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

படிகமாகாத சிலிக்கானுக்கு இன்னொரு விசித்திரக் குணம் உண்டு. வெயில் பட்டால் அது கெடுகிறது. அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோபர் ரான்ஸ்கியும் 1976இல் இந்த வகை மின்கலத்தைப் பற்றி முதலில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே டேவிட் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் அதன் கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். சில நூறு மணி நேரம் ஒளியில் வைத்தால் திறன் 10 முதல் 30 சதவீதம்வரை இறங்கி, பிறகு ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அதையே எடுத்து 150 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒழுங்கற்ற அணு அமைப்பில் வலுவற்றுக் கிடக்கும் பிணைப்புகள் ஒளியின் ஆற்றலால் அறுந்து தொங்குகின்றன. அந்தத் தொங்கல்கள் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெப்பம் கிடைத்தால் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து பிணைப்பு மீண்டும் கூடுகிறது.

வெளியில் 150 டிகிரி வராது. ஆனால் 60, 70 டிகிரியில் பல வாரங்கள் நின்றாலே சிறிதளவு குணமாகிறது. ஆகவே இந்தப் பேனல்கள் கோடையில் தேறுகின்றன, குளிர்காலத்தில் தளர்கின்றன. சிலிக்கான் பேனலின் ஆண்டுப் போக்கிலிருந்து இது முற்றிலும் வேறு. டில்லியை அடுத்த குருகிராமில் இந்திய அரசின் சூரிய ஆற்றல் மையத்தில் மூன்று வகைப் பேனல்களை அருகருகே நிறுத்தி அளந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே திறனுக்குக் கணக்கிட்டபோது படிகமாகாத சிலிக்கான், சாதாரணப் பலபடிகச் சிலிக்கானைவிடக் கோடை மாதங்களில் 14 சதவீதம் கூடுதலாகவும், குளிர் மாதங்களில் 6 சதவீதம் குறைவாகவும் மின்சாரம் தந்தது. வெப்பநிலைக் குணகம், கோடை ஒளியின் நிறம், சூட்டில் குணமாகும் தன்மை எல்லாம் சேர்ந்த விளைவு அது. அந்த ஒப்பீட்டில் ஆண்டு முழுவதும் பலபடிகச் சிலிக்கானைவிட முன்னே நின்றது சிலிக்கானும் படிகமாகாத சிலிக்கானும் சேர்ந்த கலப்பு வகை. பிற்காலச் சந்தை போன திசையை அது முன்கூட்டியே காட்டிவிட்டது.

வெளியில் நின்று மின்கலத்துக்கு உதவும் அதே நீராவி, பேனலுக்குள் நுழைந்துவிட்டால் முதல் எதிரியாகிறது. மென்படலத்தின் பரப்பு பெரிது, தடிமன் மிகக் குறைவு. பல மின்கலங்களைத் தனித்தனியாகக் கம்பியால் இணைப்பதற்குப் பதில் ஒரே பூச்சை லேசரால் கீறிப் பிரித்திருப்பதால் ஒவ்வொரு கீறலும் ஈரம் ஊர்ந்து போக ஒரு வழி. அதிகம் அவதிப்படுவது சிஐஜிஎஸ். அதன் மேல்பரப்பில் ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்தும் துத்தநாக ஆக்சைடு பூச்சு இருக்கிறது. அதன் நுண்படிகங்களுக்கு இடையில் ஈரம் இறங்கினால் மின்தடை ஏறுகிறது. அடியில் உள்ள மாலிப்டினம் படலம் அரிக்கிறது. எலெக்ட்ரான்கள் உண்டாகத் தவறுவதில்லை, வெளியே வரும் பாதைதான் அடைபட்டுப் போகிறது.

இதற்காகத்தான் இந்தப் பேனல்களில் பெரும்பாலானவற்றை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து மூடுகிறார்கள். கண்ணாடியின் வழியே நீராவி போகாது. ஓரத்தின் வழியேதான் போகும். எனவே ஓரம் முழுவதும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அகலத்தில், ஈரமுறிஞ்சி கலந்த பியூட்டைல் ரப்பர் பட்டை வைக்கிறார்கள். ஒரு பேனலின் ஆயுளில் இந்தக் கறுப்புப் பட்டைக்கு உள்ள பங்கு மின்கலத்துக்கு உள்ள பங்குக்குக் குறைந்ததல்ல. வளையும் பேனல்களில் கண்ணாடி கிடையாது. பல அடுக்குப் பிளாஸ்டிக் தடுப்புப் படலங்களை வைத்தே சமாளிக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக்கைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக அவை நீராவியைத் தடுக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். வளையும் சிஐஜிஎஸ் பேனல்கள் பரவலாகாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சந்தைக்கு வரும் முன் பேனலை 85 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் 1000 மணி நேரம் வைத்துச் சோதிப்பது சர்வதேச விதி. கழித்தல் 40 முதல் 85 டிகிரிவரை 200 முறை குளிரவும் சூடாகவும் வைப்பது மற்றொன்று. முன்பு மென்படலத்துக்குத் தனி விதிநூல் இருந்தது. 2016இல் அதைச் சிலிக்கானுக்கான விதியோடு ஒன்றாக்கிவிட்டார்கள். 1000 மணி நேரம் என்பது 42 நாள்கூட இல்லை. அதில் தேறிய பேனல் தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ 25 ஆண்டு நிற்கும் என்று அந்தச் சோதனை உறுதி தருவதில்லை. தேறாத பேனல் நிற்காது என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்லும்.

கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சட்டகம், இணைப்புப் பெட்டி, தரைக்கம்பி இவற்றில் துருவை அது வேகப்படுத்தும். அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிறது. கண்ணாடியில் சோடியம் உண்டு. பேனல்களை வரிசையாக இணைக்கும்போது தரையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும் பேனல்களில், வெப்பமும் ஈரமும் கூடிய நாளில் சோடியம் அயனிகள் கண்ணாடியிலிருந்து பூச்சை நோக்கி நகர்கின்றன. அங்கே ஈரமும் எட்டிவிட்டால் கண்ணாடிக்கும் கடத்தும் பூச்சுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப் போகிறது. முந்தைய தலைமுறை மென்படலப் பேனல்களின் கீழோரத்தில் இது மரக்கிளை போன்ற வெளிறிய விரிசல்களாகக் கண்ணுக்கே தெரிந்தது. போன பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. எதிர்முனையைத் தரையோடு இணைத்துவிட்டால் சோடியம் நகராது. ஆனால் அதற்கு மின்மாற்றி உள்ள இன்வெர்ட்டர் வேண்டும். பூச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சோடியத் தடுப்பு அடுக்கு வைப்பதும், ஓர அடைப்பை மேம்படுத்துவதும் பிறகு வந்த தீர்வுகள்.

தூசு எல்லாப் பேனல்களுக்கும் பொதுவான தொல்லைதான். ஆனால் அது எல்லா நிறத்தையும் சமமாக மறைப்பதில்லை. மண் தூசு நீலத்தையும் பச்சையையும் அதிகம் தடுக்கிறது, அகச்சிவப்பை ஓரளவு விட்டுவிடுகிறது. நீலப்பக்கத்தை நம்பியிருக்கும் மென்படலத்துக்கு அதனால் அடி கூடுதல். குவைத்தின் தூசைக் கண்ணாடியில் படியவைத்து ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு நான்கு மில்லிகிராமைத் தாண்டிய கனத்த படிவில் சிலிக்கானும் சிஐஜிஎஸ்ஸும் 28 சதவீதத்துக்குச் சற்று மேல் இழந்தன. படிகமாகாத சிலிக்கான் 33 சதவீதம் இழந்தது. பாலைவனத்தில் காற்றின் வறட்சியும் தூசும் இரண்டுமே காட்மியம் டெல்லுரைடின் நிற ஆதாயத்துக்கு எதிராக வேலை செய்கின்றன. அப்படியும் துபாயில் முகமது பின் ராஷித் அல் மக்தூம் சோலார் பூங்காவின் முதல் 13 மெகாவாட் கட்டம் 2013இல் இந்தப் பேனல்களைக் கொண்டே தொடங்கியது. கொளுத்தும் வெப்பத்தில் அன்றைய சிலிக்கானைவிடக் குறைவாக இழக்கும் என்பது தூசுக் கணக்கை மிஞ்சிய ஆதாயம். மழை பெய்யும் ஊரில் தூசு பெரும்பாலும் தானாகக் கழுவிப் போகும். சட்டகம் இல்லாத கண்ணாடிப் பேனல்களில் கீழோரத்தில் சேறு தேங்க விளிம்பு இல்லாததால் கழுவுதல் இன்னும் சுலபம்.

சட்டகம் உள்ள பேனல்களில் அந்த விளிம்புச் சேற்றை எளிதாக விட்டுவிட முடியாது, ஏனென்றால் அது நிழல் கணக்கில் சேருகிறது. மென்படலப் பேனலில் மின்கலங்கள் சதுரங்கள் அல்ல. அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் அகலமும் பேனலின் முழு நீளமும் கொண்ட பட்டைகள் அவை. நூற்றுக்கும் மேற்பட்ட பட்டைகள் தொடராக இணைந்திருக்கும். கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றும்போது ஒருவர் தளர்ந்தால் வரிசையே தளர்வதுபோல, ஒரு பட்டை முழுவதும் நிழலில் அமிழ்ந்தால் மற்ற எல்லாப் பட்டைகளின் மின்னோட்டமும் தடைபடும். ஆனால் நிழல் பட்டைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு பட்டையும் தன் நீளத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே இழக்கும். மொத்த இழப்பும் அந்த அளவோடு நிற்கும். இதே நிழல் சிலிக்கான் பேனலின் அடிவரிசைச் சதுரங்கள்மேல் முழுவதும் விழுந்தால் பேனலில் பெரும்பகுதி முடங்கிப் போகும். எனவே மென்படலப் பேனலைக் கிடையாக வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்பது அழகுக்கான தேர்வல்ல. முன்வரிசையின் காலை, மாலை நிழல் எந்தப் பக்கமிருந்து ஏறும் என்று பார்த்து, பட்டைகள் அதற்குக் குறுக்காக வரும்படி வைக்க வேண்டும்.

ஒரு பட்டை முழுதும் மூடிக்கிடந்தால் இழப்பு அந்த வேளையோடு முடிவதுமில்லை. மற்ற பட்டைகள் தங்கள் மின்னோட்டத்தை நிழல் பட்டையின் வழியே எதிர்த்திசை மின்னழுத்தத்தோடு தள்ளப் பார்க்கும். சிலிக்கான் பேனலில் அப்போது மாற்றுவழி கொடுக்க டயோடுகள் உள்ளே உண்டு. ஒரே பூச்சாகப் படிந்த மென்படலத்தில் பட்டைகளுக்கு நடுவே அவற்றை வைக்க முடியாது. சிஐஜிஎஸ்ஸில் இது புழு ஊர்ந்ததுபோன்ற கரிந்த கோடுகளை உண்டாக்கிவிடும். நிழல் விலகினாலும் கோடு போகாது. பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் மாடியில் நிரந்தரமாக அசைந்துகொண்டிருக்கும் வீட்டில் எந்தப் பேனலும் நல்ல தேர்வல்ல, சிஐஜிஎஸ் அதில் இன்னும் மோசமான தேர்வு.

காற்று, ஆலங்கட்டி, பனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிக வில்லைகள் விரிசல் விடுவதுபோல மென்பூச்சு தனியே விரிசல் விடுவதில்லை. ஆனால் கண்ணாடி உடைந்தால் அந்தப் பேனலின் கதை முடிந்தது. உடைந்த இடத்தின் வழியே ஈரம் இறங்கும். புயல் அடிக்கும் கரையோரத்தில் பிடிமானக் கிளிப்புகள் எத்தனை, எங்கே என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டின்படி இம்மி பிசகாமல் வைப்பது இதனால்தான்.

வருங்கால மென்படலம் என்று பேசப்படும் பெரோவ்ஸ்கைட்டுக்கு மேலே சொன்ன தொல்லைகளில் பலவும் பெரிதாக உண்டு. 2009இல் ஜப்பானின் சுதோமு மியாசகா குழு முதலில் காட்டிய மின்கலம் 3.8 சதவீதத் திறன் கொண்டது, நீடித்ததோ நிமிடங்கள்தான். இன்று ஆய்வகத் திறன் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. திறன் ஏறிய வேகத்தில் ஆயுள் ஏறவில்லை. ஈரம் பட்டால் அடர்பழுப்பாக, ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும் பூச்சு மஞ்சளாக வெளிறுகிறது. அந்த மஞ்சள் ஈய அயோடைடு, அதாவது பொருள் தன் கூறுகளாகப் பிரிந்துவிட்டது. ஈரமில்லாமல் அடைத்து வைத்தாலும் வெப்பம் மட்டுமே சில கலவைகளைக் குலைக்கப் போதும். உள்ளே அயனிகள் மின்புலத்தில் இடம்பெயர்கின்றன. பகலில் இழந்த திறனில் ஒரு பகுதி இரவில் திரும்புகிறது, மறுநாள் மீண்டும் போகிறது. இந்தப் பகல்-இரவுச் சுழற்சி, விளக்கொளியில் இடைவிடாமல் வைத்துச் செய்யும் சோதனையைவிடச் சில மின்கலங்களுக்குக் கடுமையானது.

பெரோவ்ஸ்கைட்டைச் சிலிக்கானின் மேல் பூசும் இரட்டை அடுக்கு மின்கலங்கள் 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. அவற்றில் வானிலை புது வேடத்தில் வருகிறது. மேலடுக்கு நீலப் பக்கத்தையும் கீழடுக்கு அகச்சிவப்புப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் தொடராக இணைந்திருப்பதால் குறைந்த மின்னோட்டம் தரும் அடுக்குதான் மொத்தத்தைத் தீர்மானிக்கும். அளவுகோல் ஒளியில் இரண்டும் சமமாக இருக்கும்படி வடிவமைத்தால் மாலையின் சிவந்த ஒளியில் மேலடுக்கு பின்தங்கும். சென்னையின் ஈரக் காற்றில் கீழடுக்கு பின்தங்கும். ஓர் ஊருக்குப் பொருத்தமான தடிமன் இன்னோர் ஊருக்குப் பொருத்தமாக இராது.

பேனலை வாங்குகிறவருக்கு இதிலெல்லாம் கைக்கு எட்டுவது எது? இடம் குறுகிய வீட்டு மாடியில் சதுர அடிக்கு எத்தனை வாட் என்பதே முதல் கேள்வி. அங்கே இன்றைய சிலிக்கான் முந்துகிறது, சில சதவீத நிற ஆதாயம் அதை மாற்றாது. நிலம் தாராளமாக உள்ள பண்ணையில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டில் எத்தனை யூனிட் என்பதே கேள்வி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் அந்தக் கேள்விக்குக் காட்மியம் டெல்லுரைடு இன்னும் போட்டியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு குறையும் வேகம் இரண்டுக்கும் ஒத்துதான் போகிறது: நன்றாக அடைத்த பேனலில் அரை சதவீதத்தை ஒட்டி. வெப்பமான ஊர்களில் காட்மியம் டெல்லுரைடின் பின்முனையிலுள்ள தாமிரம் உள்ளே ஊடுருவுவது பழைய பிரச்சினை. தாமிரத்துக்குப் பதில் வேறு தனிமங்களைப் பயன்படுத்தும் புதிய தயாரிப்பு முறைகள் அதற்காகவே வந்தவை.

ஒற்றை வாட் எண்ணின் குறையைத் தீர்க்கச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இன்னொரு மதிப்பீட்டு முறையையும் வகுத்திருக்கிறது. பல வெப்பநிலைகளிலும் பல ஒளி அளவுகளிலும் பேனலை அளந்து, அதன் நிற உணர்வையும் காற்றில் குளிரும் விதத்தையும் சேர்த்து, ஓர் ஆண்டின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குப் போடும் முறை அது. 2018இல் வெளியான அதன் இறுதிப் பகுதிகளில் ஆறு மாதிரித் தட்பவெப்பங்கள் உண்டு. ஈரமான வெப்பமண்டலம், வறண்ட பகுதி, கடற்கரை, உயர்ந்த மலை எனத் தனித்தனி ஆண்டுகள் அவற்றில் இருக்கின்றன. ஒரே பேனலுக்கு ஆறு எண்கள் கிடைக்கும். அச்சிட்ட தாளில் அந்த ஆறும் இன்னும் வழக்கமாக இடம்பெறுவதில்லை. பெரிய கொள்முதல் செய்கிறவர்கள் கேட்டு வாங்கலாம். தமிழ்நாட்டின் கரையோரத்துக்குப் பொருந்துவது ஈரமான வெப்பமண்டலத்துக்கான எண்.